காணாதவர் எடைபோடும் சாட்சியம்

2020 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7 ஆம் திகதி காலை, நோய்த்தொற்றுக் காரணமாக ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்த பிறிஸ்பேண் நகர நீதிமன்ற மண்டபமொன்றில், அவுஸ்திரேலியாவின் பிரதம நீதியரசர் சூசன் கீஃபெல் ஒரு தீர்ப்பினை வெளியிட்டார். கர்தினால் ஜோர்ஜ் பெல் மீதிருந்த ஐந்து குற்றத்தீர்ப்புகளும் தள்ளுபடி செய்யப்பட்டன. அவற்றினிடத்தில் விடுதலைத் தீர்ப்பு எழுதப்பட்டது. ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அளித்த முடிபு அது. நானூறு நாள்களுக்கு மேலாகச் சிறையிலிருந்த பெல் அன்றே வெளியேறினார்.

அன்று மாலைக்குள் அத்தீர்ப்பு இரு வேறு பொருள்களைப் பெற்றுவிட்டது. ஒரு சாரார், முறைப்பாட்டாளர் கூறியது பொய்யென நீதிமன்றம் கண்டுவிட்டதாக மகிழ்ந்தனர். மறுசாரார், பிள்ளைப் பருவத்திற் கொடுமைக்குள்ளான ஒருவரின் சொல் மீண்டும் நம்பப்படாது போயிற்றென வருந்தினர். வியப்புக்குரியது யாதெனின், இவ்விரண்டையும் அத்தீர்ப்புக் கூறவில்லை. முறைப்பாட்டாளர் நம்பகமானவர் என யூரர் கொண்ட மதிப்பீட்டை அவ்வாறே ஏற்றுக்கொண்டு, அதன் பின்னரும் நியாயமான சந்தேகம் எஞ்சுகின்றது என்பதே நீதியரசர்கள் கண்ட முடிபு. ஒருவரை நம்பிக்கொண்டே அவர் குற்றஞ்சாட்டியவரை விடுவித்தல் எங்ஙனம் கூடும்? சிறுவர் மீதான பாலியற் குற்ற வழக்குகளில் மேன்முறையீட்டு நீதிமன்றங்கள் சான்றினை எடைபோடும் முறை முழுவதும் இவ்வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றது.

மேன்முறையீட்டு நீதிபதி சாட்சியைக் காண்பதில்லை. சாட்சிக் கூண்டில் நின்றவரின் தயக்கத்தையும் தடுமாற்றத்தையும், குறுக்கு விசாரணையின் போது அவர் மௌனமாயிருந்த கணங்களையும் அவர் அறியார். அவர் முன் இருப்பது எழுத்து மட்டுமே. 1918 இல் இலங்கையிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் சென்ற ‘பிராட் எதிர் பிறவுண்’ என்னும் குடியியல் வழக்கில் இக்குறை மிகத் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது. சாட்சியின் உண்மைத்தன்மை பற்றிய வினாவில், நேரிற் கண்டு கேட்ட நீதிபதிக்குள்ள வாய்ப்பு விலைமதிப்பற்றது. தாளிலிருந்து அறிந்துகொள்ளும் மேன்முறையீட்டு நீதிபதி அதனை எளிதில் மீறலாகாது என்பது அதன் சாரம். ஒரு நூற்றாண்டு கழிந்தும் இலங்கை நீதிமன்றங்கள் அவ்வழக்கினை எடுத்தாண்டு வருகின்றன.

எனினும் கண்டவர் சொன்னதே முடிந்த முடிபாயின் மேன்முறையீடு என்பது வெறுஞ் சடங்காகிவிடும். ஆதலின் ஒரு எல்லைக்கோடு வேண்டியதாயிற்று. அவுஸ்திரேலிய மேல் நீதிமன்றம் (பெயர் அவ்வாறாயினும் அந்நாட்டின் இறுதி நீதிமன்றம் அதுவே) 1994 இல் ‘எம் எதிர் அரசி’ என்னும் வழக்கில் அக்கோட்டினை வரைந்தது. அதுவும் சிறுவர் மீதான பாலியற் குற்றம் பற்றிய வழக்கே. தந்தைக்கெதிராக மகள் சாட்சி கூறியிருந்தாள். முழுச் சான்றினையும் நோக்குமிடத்து, நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றம் நிறுவப்பட்டதெனக் கொள்ள யூரருக்கு இடமிருந்ததா என்பதே கேட்கப்படவேண்டிய வினா என அங்கு கூறப்பட்டது. மேன்முறையீட்டு நீதிபதியின் உள்ளத்தில் எழும் சந்தேகம் பெரும்பாலும் யூரரின் உள்ளத்திலும் எழுந்திருக்க வேண்டிய சந்தேகமேயாகும். சாட்சியை நேரிற் கண்டமையால் அச்சந்தேகம் தீர்ந்திருக்கக்கூடுமாயின் மட்டும் அது பொருட்படுத்தத்தக்கதன்று. அவ்வழக்கில் நீதியரசர்களின் சந்தேகம் தீரவில்லை; தந்தையின் குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதி, சிறுவர் வழக்குகளிற் புகும்போதே கடினமாகின்றது. களவுக்குக் களவுபோன பொருளுண்டு, கொலைக்கு உடலுண்டு. இக்குற்றமோ மூடிய அறையில், பிறர் காணாவண்ணம் நிகழ்வது. பெரும்பாலும் உடலில் அடையாளம் எஞ்சுவதில்லை. எஞ்சினும், முறைப்பாடு வருமுன் மறைந்துவிடுகின்றது. கண்ணகியின் வழக்கில் உடைத்துப் பார்க்க ஒரு சிலம்பு இருந்தது. முத்தா மாணிக்கமா என்பது ஒரு கணத்திற் புலனாயிற்று. இவ்வழக்குகளில் உடைத்துப் பார்க்கச் சிலம்பில்லை. ஒருவரின் சொல்லும் மற்றவரின் மறுப்பும் மட்டுமே எஞ்சுகின்றன. அச்சொல்லுங்கூடப் பல ஆண்டுகள் கழித்தே வருகின்றது. நிறுவனங்களிற் சிறுவர் மீது நிகழ்ந்த பாலியற் கொடுமை பற்றி 2013 முதல் 2017 வரை விசாரித்த அவுஸ்திரேலிய அரச ஆணைக்குழு, தம் முன் வந்தோர் தமக்கு நேர்ந்ததை வெளியிடச் சராசரியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டனர் எனக் கண்டது.

இத்தகைய சொல்லினை நீதிமன்றங்கள் நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கின. ஆங்கிலச் சட்ட மரபில் சிறுவரின் சாட்சியமும், பாலியற் குற்றத்தை முறையிடும் பெண்ணின் சாட்சியமும் தனித்து நிற்கத்தக்கனவல்ல என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. ஒருவரின் சாட்சியத்துக்குப் புறம்பாக நின்று அதனை உறுதிசெய்யும் வேறொரு சான்று வேண்டும். அன்றேல் அதனை நம்பிக் குற்றவாளியெனத் தீர்ப்பது ஆபத்தானதென நீதிபதி யூரரை எச்சரித்தல் வேண்டும். சிறுமியாயின் இவ்வையம் இருமடங்காயிற்று.

இவ்வையம் எத்துணைத் தூரம் செல்லக்கூடும் என்பதை, 1951 இல் இந்திய உயர் நீதிமன்றம் தீர்த்த இராஜஸ்தான் வழக்கொன்று காட்டும். பாதிக்கப்பட்டவள் எட்டு வயதுச் சிறுமி. விசாரணை நீதிபதி எதிரியைக் குற்றவாளியெனக் கண்டார். மேன்முறையீட்டை விசாரித்த செசன்சு நீதிபதியோ, மனச்சாட்சிக்குப் போதிய சான்று உண்டு, ஆயினும் சட்டம் கேட்கும் உறுதுணைச் சான்று இல்லை எனக் கூறி அவனை விடுவித்தார். அதாவது, சிறுமியை அவர் நம்பினார், நம்பியும் விடுவித்தார். மாநில நீதிமன்றம் அவ்விடுதலையை மாற்றிற்று. இறுதி மேன்முறையீட்டில் நீதியரசர் விவியன் போஸ் வழங்கிய தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுவது. உறுதுணைச் சான்று வேண்டுமென்பது சட்டத்தின் கட்டளையன்று. அஃது ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. அவ்வெச்சரிக்கை நீதிபதியின் உள்ளத்தில் இருத்தல் வேண்டும். இருந்த பின்னர், சிறுமியின் சொல் ஒன்றே போதுமென அவர் காணின் அதுவே போதும். நிகழ்ந்ததைச் சிறுமி தன் தாயிடம் கூறியமையும் ஈண்டு அவளுக்குத் துணையாயிற்று. இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் அதே இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. எந்தவொரு விடயத்தை நிறுவவும் இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற வரையறையில்லை என அதன் 134 ஆம் பிரிவு கூறுகின்றது.

அவுஸ்திரேலியாவில் ஐயம் வேறொரு வடிவில் நீடித்தது. உறுதுணைச் சான்று பற்றிய பழைய எச்சரிக்கை சட்டத்தால் நீக்கப்பட்ட பின்னரும், இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதித்து வந்த முறைப்பாடொன்றில், அத்தாமதத்தால் எதிரி தன் தரப்பைச் சோதித்து நிறுவும் வாய்ப்பினை இழந்தார் என்பதனையும், அதனால் முறைப்பாட்டாளரின் சாட்சியத்தை மட்டும் கொண்டு தீர்ப்பது ஆபத்தானது என்பதனையும் யூரருக்கு எடுத்துரைத்தல் வேண்டுமென 1989 இல் மேல் நீதிமன்றம் விதித்தது. இதில் நியாயமில்லாமலில்லை. இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தான் எங்கிருந்தான் என்பதை எவன் நிறுவ இயலும்? ஆயினும் நடைமுறையில் இவ்வெச்சரிக்கை ஒரு மந்திரம்போல் ஓதப்பட்டது. நீதிபதி அதனைச் சிறிது பிறழ ஓதினும் குற்றத்தீர்ப்பு மேன்முறையீட்டிற் கவிழ்ந்தது. விக்ரோறியா மாநிலம் ‘யூரர் அறிவுறுத்தற் சட்டத்தை’ 2015 இல் இயற்றியபோது இம்மந்திரத்தை அறவே நீக்கிற்று. பாலியற் குற்றத்தை முறையிடுவோர் ஒரு வகுப்பாகவே நம்பத்தகாதவர் என்றோ, சிறுவர் ஒரு வகுப்பாகவே நம்பத்தகாதவர் என்றோ நீதிபதி இனிக் குறிப்பாலும் உணர்த்தலாகாது.

எச்சரிக்கைகள் நீங்கின, எச்சரிக்கைகளைப் பிறப்பித்த மனப்பாங்கும் உடன் நீங்கிற்றா என்பது வேறு வினா. அது மேன்முறையீட்டுத் தீர்ப்புகளில் ‘நிகழ்ந்திருக்க இயலாதது’ என்ற சொல்லின் மறைவில் ஒளிந்துகொள்ளக்கூடும். கனடாவின் உயர் நீதிமன்றம் 1992 இற் தீர்த்த ஒரு வழக்கு இதற்குத் தக்க சான்று. மூன்று சிறுமியர் தம்முடன் வாழ்ந்த தாயின் துணைவருக்கெதிராகச் சாட்சி கூறினர். விசாரணை நீதிபதி அவர்களை நம்பினார். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றமோ சிறு முரண்பாடுகளைப் பொறுக்கியெடுத்துக் குற்றத்தீர்ப்பை நீக்கிற்று. மூத்த சிறுமியர் இருவரும் நிகழ்ந்ததைத் தவறென உணர்ந்ததாகவோ கவலைப்பட்டதாகவோ தெரியவில்லை. அச்செயலின் தன்மைக்கு அதுவே சிறந்த உரைகல் என்பது அந்நீதிமன்றத்தின் எண்ணம். சிறுமியர் தவறென உணராமையால் தவறு நிகழவில்லையாம்! உயர் நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை மீட்டது. அதன் பொருட்டு எழுதிய நீதியரசர் பெவர்லி மக்லாக்லின், வளர்ந்தோரின் நினைவாற்றலுக்குரிய அளவுகோலைப் பிள்ளையின் நினைவுக்கு வைத்தலாகாது என்றார். பிள்ளைக்கு எந்நாள், எந்நேரம் என்பன மறந்துபோகலாம். அதனால் நிகழ்ந்ததே மறந்ததாகாது. அதே வேளை, பிள்ளையின் சாட்சியம் என்பதற்காக நிறுவற் சுமை குறைந்துவிடுவதுமில்லை என்பதையும் அவர் சேர்த்துரைத்தார். இவ்விரண்டாவது வாக்கியத்தைப் பலர் படிப்பதில்லை.

ஆக, நம்பியும் விடுவித்தல் என்பது இருவகைப்படும். செசன்சு நீதிபதி விடுவித்தது, சாட்சி இன்னார் என்பதனால்; எட்டு வயதுச் சிறுமியாதலின் அவள் சொல்லுக்கு முட்டுக்கொடுக்க வேறொன்று வேண்டியிருந்தது. மற்றது, வழக்கிலிருந்த பிற சான்றுகள் எழுப்பும் சந்தேகத்தால் விடுவித்தல். முதலாவது சட்டத்தின் பெயராற் செய்யப்படும் அநீதி. இரண்டாவது, கசப்பாயினும், நீதியின் ஒரு பகுதி. ஒரு தீர்ப்பு இவ்விரண்டில் எவ்வகையினது என்பதை அதன் முடிபினைக் கொண்டன்றி, சந்தேகம் எங்கிருந்து பிறந்தது என்பதைக் கொண்டே அறிதல் வேண்டும். பெல் வழக்கினை இவ்வாறு அணுகுமிடத்து, அது வெளியே பேசப்பட்டதினும் நுண்ணியதாகவும், மன அமைதியைக் குலைப்பதாகவும் தோன்றுகின்றது.

மெல்பேண் நகரின் புனித பற்றிக் பேராலயத்தில், 1996 ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு ஞாயிறு பெருந்திருப்பலி முடிந்தபின், பாடகர் குழுவைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவர் இருவர் பவனியிலிருந்து நழுவிக் குருமார் திருவுடையணியும் அறைக்குட் சென்று, அங்கிருந்த திருப்பலி இரசத்தைப் பருகினர் என்றும், அவ்வாண்டிற் பேராயராகியிருந்த பெல் தனியே உள்ளே வந்து அவர்கள் மீது பாலியற் கொடுமை புரிந்தார் என்றும், 1997 பெப்ரவரியில் ஒரு நடைவழியில் முறைப்பாட்டாளரை மட்டும் மீண்டும் தீண்டினார் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டது. முறைப்பாடு 2015 இற் பொலிசாரிடம் வந்தது. மற்றச் சிறுவன் அதற்கு முந்திய ஆண்டிலேயே இறந்துவிட்டான். தாய் ஒருமுறை கேட்டபோது, தனக்கு எதுவும் நேரவில்லையென அவன் கூறியிருந்தான். இத்தகைய மறுப்பினைத் தாயிடம் எத்தனை பிள்ளைகள் கூறுவர் என்பதை அரச ஆணைக்குழுவின் ஏடுகளைப் புரட்டியோர் அறிவர்; அதற்காக அம்மறுப்பினை இல்லையென்று கொள்ளவும் இயலாது. குற்றச்சாட்டை பெல் முற்றாக மறுத்தார். 2018 இல் நடந்த முதல் விசாரணையில் யூரர் உடன்பாட்டுக்கு வரவில்லை. இரண்டாவது விசாரணையின் யூரர், அவ்வாண்டு டிசம்பர் 11 இல், ஐந்து குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அரச தரப்பின் வழக்கு முழுவதும் முறைப்பாட்டாளரின் சாட்சியத்தையே பற்றி நின்றது. அதற்கெதிராக நின்றது பொய்ச்சாட்சியன்று, வழமை. அரச தரப்பே அழைத்த பேராலயப் பணியாளர் பலர் தம் நினைவிலிருந்தவற்றைக் கூறினர். திருப்பலி முடிந்ததும் பேராயர் பேராலயத்தின் மேற்குப் படிகளில் நின்று, பத்து நிமிடமேனும் மக்களுடன் அளவளாவுவார். திருவுடையணிந்த நிலையில் அவர் தனியே விடப்படுவதில்லை. சடங்குப் பொறுப்பாளரான குருவானவர் உடனிருப்பார். திருவுடையறையோ, பலிபீடத்திலிருந்து பாத்திரங்களைக் கொண்டுவருவோரும் பீடப் பணியாளருமாகத் தேனீக்கூடு போல் இயங்கும். ஆயினும் மக்கள் தனிச் செபத்தில் இருப்பதற்காகப் பணிகள் தொடங்குமுன் ஐந்தாறு நிமிட இடைவெளி உண்டு. குற்றம் அவ்விடைவெளியிலேயே நிகழ்ந்ததென அரச தரப்பு வாதித்தது.

வழமை என்பது விதியன்று. என்றும் படியில் நிற்பவர் ஒருநாள் நில்லாதிருக்கலாம். இருபது ஆண்டுகளின் பின் ஒருவரின் ‘எப்போதும்’ என்ற சொல்லை எத்துணை நம்புவது என்ற வினாவும் உண்டு. முறைப்பாட்டாளரின் நினைவைச் சோதிக்கும் காலம் அவர்களின் நினைவையும் அரித்திருக்குமன்றோ? அன்றியும் பேராலயத் திருத்த வேலைகள் காரணமாக, அவர் பேராயராகி அங்கு நிகழ்த்திய முதற் பெருந்திருப்பலிகள் அந்த டிசம்பரிலேயே நிகழ்ந்தன. அதற்குள் வழமையொன்று எங்ஙனம் நிலைபெற்றது எனவும் கேட்கலாம். ஆனால் சடங்குப் பொறுப்பாளர் பொதுவான வழமையை மட்டும் கூறினாரல்லர். அம்முதல் நாள்களிலேயே தாம் பேராயருடன் படிகளில் நின்றதைத் தாம் நினைவுகூர்வதாகக் கூறினார். அரச தரப்பு அவரைப் பொய்யர் என்று கூறவுமில்லை.

விக்ரோறியா மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மூவர் இருந்தனர். முறைப்பாட்டாளரின் சாட்சியம் முதல் விசாரணையில் ஒளிப்பதிவு செய்யப்பட்டிருந்தது. இரண்டாவது விசாரணையின் யூரர் கண்டதும் அப்பதிவையே. நீதிபதிகளும் அதனைக் கண்டனர். பேராலயத்துக்கும் நேரிற் சென்றனர். பிரதம நீதியரசர் ஆன் பேர்கசனும் தலைவர் கிறிஸ் மக்ஸ்வெல்லும் முறைப்பாட்டாளரை உண்மையாளராகக் கண்டு, 2019 ஓகஸ்ட் 21 இல் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்தனர். குற்றவியற் சட்டத்தில் நெடிய அனுபவமுடைய மார்க் வைன்பேர்க் மறுத்துரைத்தார். இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அம்மறுதீர்ப்பு, தலைமை நீதியரசருக்கும் தலைவருக்கும் மாறாக எழுதப்பட்ட நிலையிலும் பணிவும் உறுதியும் ஒருங்கே உடையது. உண்மையாளர் போற் தோன்றும் ஒருவர் கூறுவது பிறிதோர் சான்றுடன் இயையுமா என்பதைத் தோற்றம் தீர்த்துவிடாது என்பதே அதன் உயிர்நாடி.

இருவரும் வழுக்கிய இடம் யாது? முறைப்பாட்டாளரை நம்பியபின், ஏனைய சான்றுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இச்சான்று அவர் கூறியதை இயலாததாக்குகின்றதா என அவர்கள் கேட்டனர். படிகளில் நில்லாதிருந்திருக்க இயலாதா? இயலும். தனியே இருந்திருக்க இயலாதா? இயலும். அறை வெறுமையாய் இருந்திருக்க இயலாதா? அதுவும் இயலும். ஒவ்வொரு விடையும் தனித்து நோக்குமிடத்துச் சரியே. ஆனால் வினா தலைகீழானது. குற்றம் நிகழ்ந்திருக்க இயலும் என நிறுவுவது அரச தரப்பின் கடமையன்று. அது நிகழாதிருந்திருக்கலாம் என்னும் நியாயமான வாய்ப்பினை நீக்குவதே அதன் கடமை. மேலும், இவ்வரிய நிலைமைகள் அனைத்தும் ஒரே நாளில், ஒரே ஐந்தாறு நிமிடத்தில் ஒருங்கு கூடவேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறும் அருமைப்பாட்டினைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் அதன் பளு தெரியாது. மேல் நீதிமன்றம் சுட்டிய பிழை இதுவே. யூரர் பகுத்தறிவுடன் செயற்பட்டிருப்பின், முறைப்பாட்டாளரை நம்பிய நிலையிலும் சந்தேகங் கொண்டிருத்தல் வேண்டும் என அது முடிபு செய்தது.

இத்தருக்கத்தில் ஓட்டை காண்பது அரிது. சந்தேகம் இங்கு சாட்சி சிறுவனாயிருந்தமையாற் பிறக்கவில்லை, தாமதித்தமையாற் பிறக்கவில்லை, உறுதுணைச் சான்று இல்லாமையாலும் பிறக்கவில்லை. எதிர்நின்ற சான்றிலிருந்து பிறந்தது. எனினும் ஒரு குறை எஞ்சுகின்றது. வழமைச் சான்றுகளைப் பத்தி பத்தியாக ஆராயும் அத்தீர்ப்பில், இரண்டு நாளுக்கு மேலாகக் குறுக்கு விசாரணைக்கு நின்றவரின் சாட்சியம் மிகச் சுருங்கிய இடத்தையே பெறுகின்றது. ‘நம்பினோம் எனக் கொள்க’ என்று கணக்கில் ஒரு எண்ணை எழுதுவது போல் அது எழுதப்பட்டுவிட்டது. ஒரு தராசின் இரு தட்டுகளில் ஒன்றை மட்டும் விளக்கொளியில் வைத்தால், எடை சரியாயினும் கண்டோருக்கு நம்பிக்கை பிறவாது. சட்டம் படியாத வாசகர் அத்தீர்ப்பினைத் தவறாக விளங்கிக்கொண்டமைக்கு வாசகர் மட்டும் பொறுப்பாகார்.

ஒளிப்பதிவு பற்றி அந்நீதிமன்றம் கூறியதும் சிந்திக்கற்பாலது. மேன்முறையீட்டு நீதிபதிகள் சாட்சியின் ஒளிப்பதிவைக் காண்பது அரிதாகவே நிகழவேண்டும். அதிற் குறிப்பாக ஏதேனும் உண்டெனத் தரப்பினர் சுட்டினால் மட்டுமே அது தகும் என்பது அதன் நிலைப்பாடு. முதற்பார்வைக்கு இது விந்தையே. யூரர் கண்டதும் பதிவுதான். நீதிபதிகள் கண்டதும் அதே பதிவுதான். பின்னர் யூரருக்குள்ள தனி வாய்ப்பு யாது? பன்னிருவர் சமூகத்தின் சார்பாய் ஒருங்கிருந்து, வழக்கின் முழு ஓட்டத்தினுள்ளே அதனைக் கண்டனர் என்பது ஒரு விடை. மற்றொன்று இன்னும் கூர்மையானது: முகத்தைக் கண்ட நீதிபதி முகத்தால் வெல்லப்படுகின்றார். தாளிலிருந்து படிப்பது குறை என 1918 இல் எண்ணப்பட்டது. ஒரு வேளை அக்குறையே மேன்முறையீட்டின் பயனும் ஆகலாம்.

இலங்கைக்கும் இது தொலைதூரச் செய்தியன்று. 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம், சிறுவர் துர்ப்பிரயோக வழக்குகளிற் பிள்ளையின் முதற் கூற்றினை ஒளிப்பதிவாகச் சான்றிற் சேர்க்க வழிசெய்தது. மேல் நீதிமன்றங்களில் இவ்வழக்குகள் பெரிதும் யூரரின்றித் தனி நீதிபதியாலேயே விசாரிக்கப்படுகின்றன. அவர் காரணங்களை எழுதவேண்டியவராதலின், மேன்முறையீட்டில் அக்காரணங்களையேனும் எடைபோட இயலும். அவுஸ்திரேலிய யூரரோ காரணம் கூறுவதில்லை. ஆனால் இங்கு விசாரணை நடுவே நீதிபதி இடமாற்றம் பெறின், பின்வருபவர் முன்னவர் பதிந்த சாட்சியத்தைக் கொண்டே தொடர நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு இடமளிக்கின்றது. அந்நிலையில் தீர்ப்பெழுதுபவரும் காணாதவரே. ‘பிராட் எதிர் பிறவுண்’ கூறிய விலைமதிப்பற்ற வாய்ப்பு அவ்வழக்கில் எவரிடமும் இல்லை. பிள்ளையை இரண்டாம் முறை கூண்டில் ஏற்றுவதா, அன்றிப் பழைய ஏட்டினையே நம்புவதா என்பது கொடிய தெரிவு. ஒளிப்பதிவின் உண்மைப் பயன் அங்குதான் தோன்றுகின்றது.

2023 ஜனவரியில் பெல் உரோமில் காலமானார். விடுதலையான அன்று, தம்மைக் குற்றஞ்சாட்டியவர் மீது தமக்கு வன்மம் இல்லையென அவர் கூறியிருந்தார். பெயர் வெளியிடப்படாத முறைப்பாட்டாளரும் மறுநாள் தம் சட்டத்தரணி வாயிலாக ஓர் அறிக்கை விடுத்தார். தீர்ப்பினைத் தாம் மதிப்பதாகவும், சான்று போதாதென்ற நீதிமன்றத்தின் நோக்கினைத் தாம் விளங்கிக்கொள்வதாகவும், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிறுவுதல் இக்குற்றங்களில் மிகக் கடினமாயினும் எதிரிக்குச் சார்பாகச் சட்டத்தை அமைப்பதற்குச் சமூகம் கொடுக்கும் விலை அதுவென்றும் அவர் கூறினார். தம் வழக்கினைக் கண்டு வேறெவரும் பொலிசாரிடம் செல்லாது பின்வாங்கிவிடலாகாது என்பதே அவருடைய கவலையாயிருந்தது.